சால் நிறையட்டும்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நாலு பேர், "எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" என்று சண்டைக்கு வருவார்கள். எழுதாமல் விட்டால் வேறு நாலு பேர், "எங்கம்மா பொழைச்சதே அவங்களாலதான், பேரைப் போட உனக்கென்ன கேடு?" என்று வருவார்கள். பின்னால் சொன்ன சண்டை எனக்குப் பிடித்த சண்டை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அவள் புருஷன் பங்காளி முறை. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. மழை பெய்தால் பெய்தது, இல்லாவிட்டால் கிணறுதான். முப்பதுகளின் கதை இது. கோயமுத்தூர் மில்லுகளுக்குக் கரண்ட் வந்து மிஷினெல்லாம் தானாக ஓடுகிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு சொல்லுவார்கள். எங்கள் கிணறுகளில் அப்போதும் மாடுதான்.

கவலை பூட்டி நீர் இறைப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும், அதுதான் வாரி. மாடு இரண்டும் வாரியில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு, உருளை கிறீச்சிட, தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேறும். சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். அது ஆண்பிள்ளைகள் உட்காருகிற இடம். அந்த வடத்தின்மேல் வெள்ளைச் சீலையோடு உட்கார்ந்து இறங்கி வந்தவள் எங்கள் அக்கா.

புருஷன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை, நாலு ஏக்கர் விளைகாடு, ஒரு கிணறு. "காட்டை நா பாத்துக்கறேன், நீ பொங்கித் தின்னுபோட்டு ஒரு மூலையில இரு" என்று மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன், நல்லவராகப் பேசினார். காரியம் முடிந்த அடுத்த வாரமே அவள் மாட்டைப் பூட்டிவிட்டாள்.

மச்சாண்டார் வாரியின் அடியில் வந்து குறுக்கே நின்றாராம். "வடத்துல பொம்பளை உக்காந்தா கெணறு வத்திப்போகும்!"

மாடு அவரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா நிறுத்தவில்லை. "வத்துனா வந்து சொல்லுங்க, எறங்கிப் பாத்துக்கலாம். இப்ப வழியை உடுங்க மச்சாண்டாரே, பாதி எறக்கத்துல மாட்டை நிறுத்தறது ஆகாதுங்க."

மரியாதையில் ஒரு குறைச்சல் இல்லை. 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். அவர் ஒதுங்கத்தான் வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் மாடு மிதித்திருக்கும். ஒதுங்கியவர் சும்மா போகாமல், மாடு மறுபடி மேடேறி நின்றதும், "மேல நின்னு என்ன வேடிக்கை? தட்டு, தட்டு! பொழுதுக்கும் ஒரு சால் எறைக்கறா பாரு" என்று குத்தலாகச் சத்தம் போட்டார்.

அக்கா மேட்டில் நின்றபடி ஒரு நீள மூச்சு விட்டாள். அது அவள் பழக்கம். யாராவது அவசரப்படுத்தினால் உதட்டைத் தளரவிட்டு, தண்ணீர் குடித்த குதிரை மாதிரி 'புர்ர்ர்' என்று விடுவாள். கேட்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். விட்டுவிட்டுச் சொன்னாள்: "சால் நெறையட்டுமுங்க. நெறையாம மாட்டைத் தட்டினா வெறுந்தோலுதான் மேல வரும்."

அவளுடைய மொத்தக் குணமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. நேரமாகாமல் அவளை யாரும் இழுக்கவைக்க முடியாது. நேரமாகிவிட்டால் யாரும் நிறுத்தவும் முடியாது.

மூச்சைக் கேட்டே ஆளைச் சொல்லுவாள். அந்தியூர்ச் சந்தைக்கு அவளே போய் மாடு பிடித்து வந்தாள். மற்றவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். அக்கா மாட்டை ஒரு சுற்று நடக்கவிட்டு, அதன் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றாளாம். தரகர்கள் சிரித்தார்கள். "என்னுங்கம்மிணி, மாடு என்ன சொல்லுது?"

"உங்ககிட்ட நாலு நாளா வைக்கோல் வாங்கித் திங்கலைன்னு சொல்லுதுங்க" என்றாளாம். சிரிப்பு நின்றுவிட்டது.

சண்டையிலும் அதே வழிதான். எதிரி கத்திக் கத்தி எங்கே மூச்சு வாங்க நிற்கிறாளோ, அங்கே இவள் மெதுவாக ஆரம்பிப்பாள். "அவளுக்குக் காத்து தீர்ந்துபோச்சு, எனக்கு இன்னும் கெடக்குது. அவ்வளவுதான் சூட்சுமம்" என்பாள். அவளிடம் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவள் கதை நகராது.

என் முதல் பிரசவம் அம்மா வீட்டில். விடியும்போது முதல் வலி. அந்த முதல் வலியிலிருந்தே, "முக்கு, முக்கு" என்று மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் பலம் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. நான் மூச்சு விட்டபோதெல்லாம் ஒருத்தி வாயைப் பொத்தினாள். உச்சிப் பொழுதுக்குமேல் என் சடையையே என் வாயில் திணித்தார்கள். குமட்டினால் குழந்தை இறங்குமாம். மறுநாள் மத்தியானம் குழந்தை வந்தபோது எனக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கவும் தெம்பில்லை. பார்க்கவும் விடவில்லை. ஆண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். அது அழவே இல்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்லுவதில்லை. குறைதான் சொல்கிறேன். மாட்டுக்குக்கூட யாரும் வாயைப் பொத்துவதில்லை.

இரண்டாவது உண்டாகி ஆறாம் மாதம். பிரசவத்தை இந்தத் தடவை எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். அம்மா வீட்டு ராசி சரியில்லையாம். ஒரு நாள் காலை அக்காவின் கிணற்றடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். வாரியின் மேட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏ கண்ணு, குடத்தைக் கீழ வை."

"ஏனுங்கக்கா?"

"தூக்கறப்ப மூச்சை முழுங்கறே. போன தடவையும் அப்படித்தானே முழுங்கினே?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. "போங்கக்கா. பொறந்ததுலருந்து உட்டுட்டு இருக்கற மூச்சு. அதுக்கொரு பள்ளிக்கூடமா?"

"பொறந்ததுலருந்து விடறே, செரி. வலியில விடத் தெரியுமா உனக்கு?"

குடத்தைக் கீழே வைத்தேன். வாரியின் ஓரத்துக் கல்லில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

அதன் பிறகு மூன்று மாதம், காலைத் தண்ணீர்ப் பாய்ச்சல் நேரத்தில் எல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தேன். மாடு இறங்கும்போது வாயைத் திறந்து மெதுவாக ஊத வேண்டும். "மாடு அஞ்சு எட்டு வெக்கற வரைக்கும் ஊது. ரெண்டு எட்டுல இழு. மறுபடி ஊது." உருளையின் கிறீச்சோடு சேர்ந்து ஊத வேண்டும். மாடு மேடேறும்போது உடம்பு முழுவதையும் போட்டுவிட வேண்டும். கை, கழுத்து, முக்கியமாகத் தாடை.

"பல்லைக் கடிக்காதே. மேல கடிச்சா கீழயும் கடிச்சுக்கும்" என்பாள். நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிவேன். "இதுக்கு வெக்கப்பட்டா புள்ளையை எப்படிப் பெப்பே? தலையைத் தூக்கு" என்பாள்.

இதெல்லாம் எங்கே கற்றாள் என்று ஒரு நாள் கேட்டேன். அவளுக்குப் பெண் பிறந்த அன்றைக்குப் புருஷன் காய்ச்சலில் படுத்திருந்தான். புகையிலைக் காடு தண்ணீருக்கு வாடிக் கிடந்தது. ஊருக்குத் தெரியாமல் அவளே வடத்தில் உட்கார்ந்தாள். பாதிப் பாய்ச்சலில் வலி எடுத்துவிட்டது.

"எறங்கிப் போயிருக்கலாமல்லக்கா?"

"எங்க போறது? ஊட்டுக்குப் போனா முக்கச் சொல்லுவாளுக. மாடு முக்கச் சொல்லலை. அது பாட்டுக்கு எறங்குச்சு, ஏறுச்சு. நானும் அது கூடவே ஊதிட்டு இருந்தேன். ஒரு வலிக்கு ரெண்டு சால், மிஞ்சினா மூணு. அதுக்குமேல எந்த வலியும் நிக்காது கண்ணு, வேணும்னா எண்ணிப் பாரு. கடைசிப் பாத்தி பாஞ்சதுக்கப்புறந்தான் ஒடம்பே சொல்லுச்சு, இப்ப முக்குன்னு. அப்ப முக்கினேன். நாலே முக்கு."

வலியை எண்ணலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எண்ண முடிகிற எதற்கும் ஒரு கடைசி உண்டல்லவா?

ஒன்பதாம் மாதம் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. நேராக வேலிக்குப் போனார்.

"ஏ அம்மிணி, எம்மருமவ வயிறு நெறைஞ்சு நிக்கறா. காலங்காத்தால உன்ற மொகத்துல முழிக்கறாளாமா?"

எங்கள் ஊரில் வெள்ளைச் சீலை எதிரே வந்தால், வாசலில் காலெடுத்து வைத்தவர்கள்கூடத் திரும்பி உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

அக்கா 'புர்ர்ர்' என்று விட்டாள். "மொகத்துல முழிக்கலீங்க அத்தை. என்ற மாட்டு முதுகுலதான் முழிக்கறா. நா அதுக்குப் பின்னால இருக்கறேன்."

"சிரிக்காதே. ஒண்ணு போச்சு. ரெண்டாவதும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா, நானும் தாங்க மாட்டேன். வலி வந்தன்னிக்கு நீ என்ற வாசப்பக்கம் வரப்படாது. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

மாமியார் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கத்தியிருந்தால் அக்கா ஜெயித்திருப்பாள். "வாசலுக்கு வரலீங்க அத்தை" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தாலூக்காவிலிருந்து ஒரு நர்ஸ் அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். தோல் பை, வெள்ளைச் சீலை, காலில் செருப்பு. எங்கள் மாமியார் உட்பட அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிப் போய் மோர் கொடுத்து உபசரித்தார்கள். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வலி முற்றும் முன்னே முக்காதே என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவியளும் வெள்ளைச் சீலைதான், நானும் வெள்ளைச் சீலைதான்" என்றாள் என்னிடம். "அவிய சீலைக்குக் கஞ்சி போட்டிருக்குது. இனி நானும் போட்டுக்கட்டுமா கண்ணு?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாசி மாதம், கோழி கூப்பிட்டு நன்றாக வெளுத்த பிறகு வலி வந்தது. என்னைச் சோளப் பானைகள் அடுக்கியிருந்த உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒரே ஒரு சன்னல். அது வேலியைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் மருத்துவச்சியை அழைத்துவர வண்டி பூட்டிக்கொண்டு போனார். மாமியாரும் அவர் தங்கையும் என் பக்கத்தில் இருந்தார்கள்.

முதல் வலி ஏறியபோது எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஊதுவதா, இழுப்பதா, ஒன்றும் தெரியவில்லை. மாமியாரின் தங்கை தொடங்கிவிட்டார்: "வாயைத் தொறந்து வெச்சுட்டுக் கெடக்கறா பாரு. மூடு. மூச்சைக் கட்டு. முக்கு!"

அப்போது சன்னல் வழியாகக் கேட்டது. கிறீச். உருளைச் சத்தம்.

அக்கா கவலை ஓட்டுகிறாள். அஞ்சு எட்டுக்கு ஊது. ரெண்டு எட்டுக்கு இழு. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. வலி ஒரு சால் ஏறி, இரண்டாவது சாலில் இறங்கியது. அடுத்த வலியும் அப்படித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கு மட்டும் காதைக் கொடுத்தேன். வலி இல்லாத நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே சற்றுக் கண்ணயரக்கூடச் செய்தேன். பிரசவ அறையில் தூங்குகிறவளை அவர்கள் பார்த்ததில்லை, பயந்துபோனார்கள்.

பொழுது ஏறியது. உருளை நிற்கவே இல்லை. மாமியார் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "என்னடி இது? அவ பொயலைக் காடு முங்கிக் கெடக்குது, இன்னும் எறைச்சுட்டு இருக்கறா? பைத்தியம் புடிச்சுருச்சா?"

எனக்குத் தெரியும், அவளுக்குப் பைத்தியமில்லை என்று. வாசலுக்கு வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இறைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்துப் புகையிலை அழுகிப்போகும் என்று தெரிந்தேதான் இறைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியாருக்கும் ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார், வேலிப் பக்கம் பார்த்தார். சன்னல் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். குளிர் காற்று வருகிறது என்றார். இடுக்கில் பழந்துணியும் அடைத்தார்.

சத்தம் நின்றுபோயிற்று. அடுத்த வலி வந்தபோது நான் மூச்சை விழுங்கினேன். அதற்கடுத்த வலியில் பல்லைக் கடித்தேன். "அப்படித்தான், முக்கு!" என்றார் மாமியாரின் தங்கை. அவர் கை என் சடையை எடுத்தது.

அந்தச் சடை என் உதட்டில் பட்டதும் அவர் கையைத் தட்டிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கடி போறே?"

"அக்காதானே உள்ள வரப்படாது? நா வெளிய போறேனுங்க அத்தை."

"புள்ளை எறங்கற நேரத்துலயா? ஏ, நில்லு!"

நிற்கவில்லை. உள்ளறை, நடை, வாசல், களம். களத்தில் ஒரு வலி வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். உருளைச் சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. வேலி ஓரத்தில் எங்கள் கட்டுத்தரை இருந்தது; மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. உள்ளே போய்ச் சோளத்தட்டுப் போரில் சாய்ந்து முட்டி போட்டேன். "அக்கா!" என்று ஒரு சத்தம்தான் போட்டேன்.

வேலியைப் பிளந்துகொண்டு வந்தாள். சீலையெல்லாம் முள் கிழித்திருந்தது. பின்னாலேயே வந்த மாமியாரைப் பார்த்து, "கட்டுத்தரை வாசல்ல சேராதுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. என் முன்னால் குந்தி, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்னையே பாரு. ஊது."

அதற்குள் வண்டி வந்துவிட்டது. மருத்துவச்சி கட்டுத்தரை வாசலில் நின்று ஒரு தடவை எல்லோரையும் பார்த்தாள்.

மாமியார் சொன்னார்: "உள்ள கூட்டிட்டுப் போ இவளை!"

"புள்ளை எங்க வருதோ அங்கதானுங்க ஆத்தா எனக்கு வேலை" என்று மருத்துவச்சி சீலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கை வைத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாள்: "இன்னுங் கொஞ்சம் தொறக்கோணும். இவ முக்கிப்போடாமப் பாத்துக்க. நா கையில பாக்கறேன், நீ வாயில பாரு."

எனக்கு முக்க வேண்டும்போல உடம்பு துள்ளியது. அக்கா என் கன்னத்தைப் பிடித்தாள். "இப்ப வேண்டா. அடுப்பு ஊதற மாதிரி சின்னச் சின்னதா ஊது. ஹூ, ஹூ, ஹூ. தாடையை உடு. கையை விரி. ஆச்சு, இந்த சால் கொட்டிருச்சு. சித்தெ படு."

எத்தனை சால் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பிறகு மருத்துவச்சி, "செரி" என்றாள். அக்கா, "உன்ற ஒடம்பு என்ன சொல்லுது?" என்று கேட்டாள். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"முக்கச் சொல்லுதுங்கக்கா."

"அப்ப முக்கு!"

ஐந்து முக்கு. அக்காவைவிட ஒன்று கூட. குழந்தை வெளியே வந்ததும் அழுதது. அது அழுத அழுகையில் களத்துக் கோழியெல்லாம் சிதறி ஓடியது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பார்க்கத் தெம்பு இருந்தது. பெண்.

மாமியார் கட்டுத்தரை வாசலில் சரிந்து உட்கார்ந்து அழுதார். அக்கா எழுந்து கையைக் கழுவினாள். "உள்ள வாங்கக்கா, ஒரு வாய் காப்பித் தண்ணியாவது குடிச்சுட்டு" என்றேன். "உங்க ஊட்டுக்குள்ள எனக்கென்ன வேலை?" என்று வேலியைப் பிளந்துகொண்டு போய்விட்டாள். அந்த வருஷம் அவளுக்குப் புகையிலை இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை, பேசவிட்டதும் இல்லை.

மூன்று நாள் மாமியார் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் எனக்கு வெந்நீர் ஊற்றும்போது முதுகுப் பக்கமிருந்து கேட்டார்: "அப்படி ஊதுனா வலி தெரியாதா?"

"தெரியுமுங்க அத்தை. நல்லாத் தெரியும். ஆனா நாம இருக்கறதும் தெரியும்."

இன்னொரு சொம்பு ஊற்றினார். "எனக்கு ஏழு" என்றார். "நாலு போச்சு. ஒருத்தியும் வாயைத் தொறக்க உடலை."

அடுத்த ஆனி மாதம் என் நாத்தனார் தலைப் பிரசவத்துக்கு வந்தாள். பதினேழு வயது, மாமியாருக்கு ஒரே பெண். வந்த மறுநாள் மாமியார் வேலிக்குப் போனார். நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அக்கா வடத்தில் உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"ஏ அம்மிணி, எம்புள்ளைக்கு எட்டு மாசம் முடிஞ்சுது."

"தெரியுமுங்க அத்தை."

"வலி எடுத்தா நீ வரோணும்."

"எங்கீங்க, கட்டுத்தரைக்கா?"

"ஊட்டுக்கு."

"எந்த வாசலுங்க?"

மாடு மேடேறி, சால் கிணற்றுக்குள் போய்த் திரும்ப மேலே வந்த பிறகுதான் மாமியார், "முன்வாசல்" என்றார்.

"எதிர்ல யாரு நிப்பா?"

"நாந்தான் நிப்பேன்."

"அப்பச் செரிங்க. வாரேன்."

ஆடி பிறக்கும் முன்னே ஒரு காலையில் நாத்தனாருக்கு வலி எடுத்தது. அக்காவைக் கூப்பிட நானே ஓடினேன். அவள் தலையில் முக்காடு போடாமல், துவைத்த வெள்ளைச் சீலையில், ஊர்ப் பாதை வழியாகவே சுற்றிக்கொண்டு வந்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வந்தாள். இரண்டு மூன்று பேர் பின்னாலேயே வந்து எங்கள் களத்தோரம் நின்றுவிட்டார்கள். என்ன நடக்கிறதென்று பார்க்க மச்சாண்டாரும் நின்றார்.

மாமியார் சொன்னபடி முன்வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையும் நிலையைப் பிடித்திருந்தன. கண்களை மட்டும் இறுக்க மூடியிருந்தார்.

அக்கா படியின் கீழே வந்து நின்றுவிட்டாள்.

"கண்ணைத் தொறங்க அத்தை."

மாமியார் திறக்கவில்லை. உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது, "அம்மா!" என்று. "அக்கா, உள்ள அவ கத்தறா, வாங்கக்கா" என்று சீலையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டாள். அதில் இருந்த மூச்சைக் கேட்டாள்.

"இதுக்கு இன்னும் நேரமிருக்குது கண்ணு" என்றாள். அசையவில்லை. "எனக்கும் அவசரமில்லை. நா நிக்கறேன்."

வெயில் படியில் ஏறிக்கொண்டிருந்தது. மாமியாரின் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஒரு நீள மூச்சு வெளியே வந்தது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, எதிரே நின்றவளை நேராகப் பார்த்தார்.

"வா அம்மிணி" என்றார். "உள்ள வா."